அப்பாவின் ஸ்பிளெண்டரை இன்னும் முப்பது வருடம் ஓடலாமா?

கேள்வி இதுதான். வன்னியில், மல்லாவியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்கிறார். மீள்குடியேறிய கையோடு 2010 இல் அப்பா வாங்கிய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் இப்போது இந்தச் சகோதரி கையில். அவருக்கு வயது 30. கள வேலைக்காக நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிறார், பாதி தார், பாதி கிறவல். “சின்னனில இருந்தே மோட்டச்சைக்கிள் எண்டால் எனக்குப் பைத்தியம். அறுபது வயசிலயும் ஓடோணும். கராச்சில இதை வித்துப்போட்டுப் புதுசு எடு எண்டுறாங்கள். இதையே வைச்சிருக்கலாமோ? நானா என்னென்ன வேலை பழகோணும்?”

தங்கச்சி, விற்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

நாளுக்கு 40, வருடத்தில் 300 நாள் என்றால் 12,000 கிலோமீற்றர். அறுபது வயது வரை 360,000. இந்த எஞ்சின் 97.2 சி.சி., சிலிண்டரின் துளை 50 மி.மீ. அது தேய்ந்தால் போர் அடித்து, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நாலு தடவை பெரிய பிஸ்டன் போடலாம். முதல் ஆயுளை அப்பா ஓடி முடித்துவிட்டார் என்றே வையுங்கள். மிச்சம் நாலு ஆயுள். 360,000 ஐ நாலால் பிரித்தால் 90,000. அதாவது ஒவ்வொரு போரும் 90,000 கிலோமீற்றர் தாக்குப்பிடித்தால் உங்கள் அறுபதாவது வயதில் இதே சிலிண்டரோடு நிற்பீர்கள். தார் றோட்டில் மட்டும் ஓடுகிற ஸ்பிளெண்டருக்கு அது பெரிய காரியமில்லை. மல்லாவியில் அது நடக்குமா, இல்லையா என்பது பக்கக் கவருக்குள் இருக்கும் எயார் பில்ரரில் இருக்கிறது. ஒயில், செயின் எல்லாம் அதற்குப் பிறகு.

பெரும்பாலான ஆட்கள் ஒயிலைத்தான் முதலில் சொல்வார்கள். நான் பில்ரரை முதலில் வைப்பதற்குக் காரணம் நம் மண். கிறவல் புழுதியில் பெரும்பங்கு குவாட்ஸ் மணல். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதைவிட மென்மை. சோளகக் காற்று பெயர்ந்த பிறகு ஒரு டிப்பருக்குப் பின்னால் அரை மணி நேரம் போனால், அந்த எஞ்சின் மூச்சு இழுப்பது காற்றையல்ல, அரத்தூளை. அது பிஸ்டன் றிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் ஒயிலோடு கலந்து, வால்வு அரைக்கப் பூசுகிற பசை மாதிரியே வேலை செய்யும். ஒரு கோடை முழுக்க ஓட்டை பில்ரரோடு ஓடினால் ஒரு போர் முடிந்தது.

பில்ரரைக் கழற்றிப் பாருங்கள். மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ஸ்பொஞ்ச் என்றால் கழுவலாம். மண்ணெண்ணெயில் நனைத்துப் பிசையுங்கள், முறுக்கக் கூடாது, முறுக்கினால் ஒட்டுப் பிரியும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சுத்தமான எஞ்சின் ஒயில் அல்லது கியர் ஒயில் ஊற்றிப் பிசைந்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போடுங்கள். ஒயில் போடாத ஸ்பொஞ்ச் சல்லடைக்குச் சமம், புழுதியைப் பிடிப்பது ஒயில்தான். பெற்றோலில் கழுவுகிற பழக்கம் வேண்டாம்: நெருப்பு ஒரு பக்கம், ஒட்டைக் கரைப்பது மறுபக்கம். உலர்ந்த கடதாசி பில்ரர் என்றால் உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம். கராச்சில் ரயருக்கு அடிக்கிற வேகத்தில் கிட்டப் பிடித்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மூன்றாவது, தொட்டால் பிசுபிசுக்கும் ஒயில் ஊறிய கடதாசி. இதற்குக் கழுவலும் இல்லை, காற்றும் இல்லை, மாற்றுவது மட்டும்தான். காற்றடித்து “சேர்விஸ் செய்து தந்த” இந்த வகை பில்ரரால் கெட்ட எஞ்சின்கள் ஏராளம்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை? மனுவலில் இருக்கும் எண்கள் சாதாரண றோட்டை நினைத்து எழுதப்பட்டவை. புழுதி அதிகமென்றால் அடிக்கடி பார் என்று அதிலேயே ஒரு வரி இருக்கும், அதை ஒருவரும் வாசிப்பதில்லை. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், மாற்றுவதை மனுவல் தூரத்தில் பாதியில் செய்யுங்கள்.

பில்ரர் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. பில்ரர் பெட்டியிலிருந்து காபரேற்றருக்குப் போகும் றப்பர் குழாயைக் கழற்றி, சுட்டுவிரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே ஒரு சுற்றுத் துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் சரி. செம்மண் நிறம் ஒட்டி வந்தால் புழுதி பில்ரரைத் தாண்டிவிட்டது. அப்போது பில்ரரை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெட்டி மூடியின் றப்பர் விளிம்பு, றப்பர் குழாயின் கிளிப், குழாயில் வெடிப்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விளிம்பில் மெல்லிசாகக் கிறீஸ் பூசி மூடினால் சின்ன இடைவெளிகள் அடைபடும்.

அடுத்தது ஒயில். 10டபிள்யூ-30, போத்தலில் ஜாசோ எம்ஏ (ஒயிலில் நனையும் கிளச்சுக்குப் பொருந்தும் என்ற தரக்குறி) என்று இருக்க வேண்டும். மோட்டச்சைக்கிளின் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கிடக்கின்றன. கார் ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சரக்கு அந்தத் தட்டுகளை வழுக்கப்பண்ணும்: அக்சிலேற்றர் முறுக்கினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. ஒரு லீற்றர் போத்தல் முழுவதும் இந்த எஞ்சினுக்குப் பிடிக்காது, கொஞ்சம் மிஞ்ச வேண்டும். முழுவதையும் கவிழ்ப்பது கராச்சில் தினமும் நடக்கிற பிழை. அளவு பார்க்கும்போது வண்டி டபுள் ஸ்ரான்டில் நேராக நிற்க வேண்டும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, புரியை முறுக்காமல் துவாரத்தில் சும்மா வைத்து எடுங்கள். முறுக்கிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், குறைவான ஒயிலோடு ஓடித் திரிவீர்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும், ஆறினால் கசடு அடியில் தங்கிவிடும். வடிக்கிற போல்ற்றின் வளையம் அலுமினிய மேற்பரப்பில் உட்காருகிறது. கையால் நாலு புரி சுற்றிய பிறகே ஸ்பனர் தொட வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்பனர் போட்டுப் புரி அழிந்த எஞ்சின்கள்தான் இன்று அடியில் ‘எம்-சீல்’ பூசிக்கொண்டு திரிகின்றன.

இந்த எஞ்சினில் கழற்றி மாற்றுகிற ஒயில் பில்ரர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. சுழற்சியில் கசடு அதன் சுவரில் போய் ஒட்டும். அதோடு ஒரு கம்பி வலையும் உண்டு. பதினைந்து வருடத்தில் ஒருதரமும் திறக்காத கிண்ணத்துக்குள் விரலை விட்டால் ஈரக் களி மாதிரி ஒரு படை வரும். முதல் வேலையாகக் கராச்சில் இதைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கிங் புதிதாகப் போட வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

செயின். ஸ்பிளெண்டரின் முழுச் செயின் கவரை அழகில்லை என்று கழற்றி எறிகிற இளசுகள் உண்டு. வன்னியில் அந்தத் தகரத்துக்குள்ள மதிப்பு வேறெந்த உதிரிப்பாகத்துக்கும் இல்லை. கவரோடு ஓடுகிற செயினும் கவரில்லாமல் ஓடுகிற செயினும் ஒரே கடையில் வாங்கினாலும் ஆயுளில் பாதிக்குப் பாதி வித்தியாசம் காட்டும். கவரில் இருக்கும் றப்பர் மூடியைக் கழற்றி விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்க்காதீர்கள். சில்லைக் கையால் சுற்றி, எங்கே மிக இறுக்கமோ அந்த இடத்தில் அளவை வையுங்கள். இறுக்கினால் நல்லது என்ற நினைப்பு பிழை: மூட்டையோடு பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும், அப்போது இழுபடுவது கியர் பெட்டியின் முன் பெயாரிங்.

தேய்ந்ததா என்று கண்ணால் முடிவெடுக்க வேண்டாம், அளக்கலாம். இந்தச் செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. இறுக்கி இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால், அதாவது ஒரு பின்னிலிருந்து 21 ஆவது பின் வரை, புதிதில் 254 மி.மீ. வரும். 259 ஐத் தொட்டால் மாற்றுங்கள், செயினை மட்டுமல்ல, இரண்டு பல்லுச் சில்லையும் சேர்த்துச் செற்றாக. பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் சில ஆயிரம் கிலோமீற்றரில் அதுவும் பழையதாகும். பூட்டுக் கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மேல் பக்கத்தில் பார்த்தால் முன் சில்லை நோக்கி. மாறிப் போட்டால் கல்லோ தடியோ தட்டிக் கிளிப் கழன்று, செயின் சில்லில் சிக்கும்.

பூசுவதற்கு 90 கியர் ஒயில் போதும். கிறீஸை அப்பினால் புழுதியைச் சேர்த்து அரைக்கிற மாவாக்கிவிடும். வடித்த கழிவு ஒயிலும் வேண்டாம், அதில் மிதப்பதே தேய்ந்த இரும்புத் தூள். கிழமைக்கு ஒருநாள் பின்னேரம், ஓடி வந்த சூட்டில் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சில்லைச் சுற்றுங்கள். கால் மணி கழித்து வெளியில் வழிந்ததைத் துணியால் துடையுங்கள். செயினுக்கு ஒயில் தேவைப்படுவது உள்ளே.

ரயர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தனியாக ஓடும்போது முன்னுக்கு 25, பின்னுக்கு 28 இறாத்தல் காற்று. ஆளோ மூட்டையோ ஏறினால் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கர் சொல்கிற அளவு. கிறவலில் குலுக்கும் என்று காற்றைக் குறைக்கிறவர்கள் இரண்டு தண்டனை வாங்குவார்கள்: கல்லில் மோதும்போது றிம் ரியூபை நசுக்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும், அல்லது பிறேக் பிடிக்கையில் ரயர் றிம்மில் நகர்ந்து வால்வு அடியோடு கிழியும். கிழிந்த வால்வுக்கு ஒட்டு இல்லை. உடை முள்ளோ சூரை முள்ளோ ஏறினால், ஒட்டுப் போட்டவுடன் ரியூபைத் திணிக்காதீர்கள். ரயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள், விரலால் வேண்டாம். முறிந்த முள்ளின் நுனி துணியில் மாட்டும். கைப் பம்ப், மூன்று லீவர், ஒட்டு, சொலூசன், முன் சில்லு நட்டுக்கும் பின் சில்லு நட்டுக்கும் பொருந்தும் ஸ்பனர், ஒரு மேலதிக பிளக், பிளக் சாவி: இவ்வளவும் சீற்றுக்குப் பின்னால் ஒரு பையில் இருந்தால் வெள்ளாங்குளம் பக்கக் காட்டு றோட்டில் இருட்டுப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

வால்வு இடைவெளி நீங்கள் பழக வேண்டிய கொஞ்சம் நுணுக்கமான வேலை. எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும், காலையில் ஓடுமுன் செய்வதே நல்லது. இடப்பக்கக் கவரின் இரண்டு மூடியையும் கழற்றி, பிளக்கையும் கழற்றி, கிராங்கை, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘ரி’ (T) அடையாளத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வு ஆம்களும் விரலால் அசைந்தால் சரியான இடம். அசையாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. மனுவல் சொல்கிற அளவு நூறில் சில மி.மீ.தான், எழுதுகிற கடதாசியை விட மெல்லிசு. அதற்கென்று விற்கிற தகட்டு அளவியால் பார்க்க வேண்டும், பிளேட்டைச் செருகிப் பார்க்கிற வேலை வேண்டாம். இங்கே நடக்கும் பெரிய பிழை, ‘ரக் ரக்’ சத்தம் கேட்கிறது என்று சத்தம் நிற்கும் வரை இறுக்குவது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில்தான் அதன் சூடு சீற் வழியாக ஹெட்டுக்கு இறங்குகிறது. இறுகிய வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் எக்சோஸ்ட் வால்வின் விளிம்பு எரியும். லேசாகத் தட்டுகிற வால்வோடு வருடக்கணக்கில் ஓடலாம். சத்தமே இல்லாத வால்வோடு ஓட முடியாது.

பெற்றோல் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் வன்னி என்பதால். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஸ்ராட் எடுக்க மட்டும் துளி பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடியது எல்லாருக்கும் தெரியும். ஜப்பானில் தபால்காரர் ஓடிய ஹொண்டா எம்டி 90 வரை அதைத் தாங்கியது. அதை வைத்து “கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் செய்யாது” என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. தாங்கியது உண்மை, விலை கொடுத்ததும் உண்மை. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அதனால் ஏற்றத்தில் எஞ்சின் ‘கிணுகிணு’ என்று அடிக்கும், பிஸ்டன் தலை அடிபடும். முழுதாக ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கப்பண்ணும். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு 92 ஒக்ரேன் போதும், 95 இந்த எஞ்சினுக்குத் தேவையே இல்லை.

2022 இல் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கியது. நன்றாக வைத்திருக்கும் ஸ்பிளெண்டர் லீற்றருக்கு 60 கிலோமீற்றர் தரும்: 240. உங்கள் ஆறு நாள் வேலையும் 240. விற்கச் சொல்கிற கராச்காரரிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லலாம். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது என்பதையும், அந்த ஐந்து வருடமும் ஓடியது பழைய வண்டிகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

றோட்டோரப் போத்தல் பெற்றோலைத் தவிர்க்க முடியாத நாளில் அடித்தால், வீட்டுக்கு வந்ததும் காபரேற்றர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் வடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் மணி மணியாகத் தனியே நிற்கும். மாரியில் மாதம் ஒருதரம் இதைச் செய்வது நல்லது.

மாரி என்றதும் வெள்ளம். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை மோட்டச்சைக்கிள் தண்ணீருக்குள் நின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் பலவற்றைக் கெடுத்தது வெள்ளமல்ல, வெள்ளம் வடிந்த காலையில் “ஸ்ராட் வருதா பார்ப்பம்” என்று அடித்த முதல் கிக். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் கனெக்ரிங் றொட் வளையும். அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் உடைக்கும்.

மூழ்கிய வண்டியை இப்படி எழுப்புங்கள். சாவியைப் போடவே வேண்டாம். பற்றரி வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, கியரை நியூற்றலில் வைத்து, கிக்கை முதலில் கையால் மெதுவாக அமத்துங்கள். பிளக் துவாரத்தால் தண்ணீர் பீச்சும். பீச்சல் நின்ற பிறகு காலால் பத்துப் பதினைந்து தடவை. சைலன்சருக்குள் நிற்பதை முன்பக்கத்தைத் தூக்கி வடியுங்கள். பில்ரர் பெட்டியைத் திறந்து துடைத்து, கடதாசி பில்ரரை எறியுங்கள். ராங்கியையும் காபரேற்றரையும் முழுதாக வடியுங்கள். ஒயிலைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும், அதுதான் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். மலிவான ஒயில் ஊற்றி, பிளக் துவாரத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கால் சுற்றி, பிறகு பிளக்கைப் போட்டு ஸ்ராட் எடுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அந்த ஒயிலையும் வடித்துவிடுங்கள். இன்னும் தேத்தண்ணி நிறமென்றால் மூன்றாவது தடவையும். அதன் பிறகே நல்ல ஒயில். அதோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு சில்லையும் கழற்றி பிறேக் டிறம்மைக் காயவைத்து, சில்லுப் பெயாரிங்கையும் ஹான்டில் கோன் குண்டுகளையும் திறந்து புதுக் கிறீஸ் வைக்க வேண்டும். அதை விட்டால் தை பிறக்கும்போது அவை கரகரக்கத் தொடங்கும்.

குளம் வான் பாயும் இடத்தில் றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடினால் கடக்க வேண்டாம், அது முழங்காலுக்குக் கீழே இருந்தாலும். வண்டியின் பக்கவாட்டுப் பரப்பு முழுவதையும் தண்ணீர் தள்ளும், அடியில் றோட்டு இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது.

ஓட்டம் பற்றி உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை, நாளாந்தம் ஓடுகிறவர். ஆனாலும் சில இடங்கள். உருண்டைக் கிறவலில் முன் பிறேக்கை வளைவில் தொடவே கூடாது, வளையுமுன் வேகத்தைக் குறைத்து முடித்திருக்க வேண்டும். சில்லுத் தடத்தில் ஓடுங்கள், தடங்களுக்கு நடுவில் குவிந்திருக்கும் கல்லில் ஏறினால் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்பி, பாரத்தைக் காலுக்குக் கொடுத்து, அக்சிலேற்றரை அப்படியே வைத்திருங்கள். மாசி, பங்குனியில் தார் றோட்டின் பாதியில் நெல் காயும். காய்ந்த நெல் உருளும், தாரில் பழகிய கை சட்டென்று பிறேக் பிடிக்கும், அங்கேதான் விழுவது. வயல் பாதையின் ஈரக் களி வேறு மாதிரி: முன் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் அடைந்து சில்லையே பூட்டிவிடும். ஒரு அடி நீளத் தடி ஒன்று பையில் இருக்கட்டும், நின்று நின்று தோண்டி எடுக்க.

இரவில் இரண்டு ஆபத்து. ஒன்று மாடு: மழைக் காலத்தில் காய்ந்த, சூடான தாரில் வந்து படுக்கும், கறுப்பு மாடு கறுத்த றோட்டில் பத்து அடிக்கு முன்னால்தான் தெரியும். ஸ்பிளெண்டரின் லைற் எஞ்சின் வேகத்தோடு மங்கிப் பிரகாசிக்கிற வகை, வேகம் குறைத்தால் வெளிச்சமும் குறையும். மலிவு எல்ஈடி மாட்டினால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்குமே தவிர, வெளிச்சம் றோட்டில் விழாது. மங்கிய ரிஃப்ளெக்ரரை மாற்றி, சரியான பல்ப்பைப் போட்டு, உயரத்தைச் சரிசெய்வதே பலன் தரும். மற்றது யானை. மாங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு வீதிகளில் அந்திக்குப் பிறகு தேவையில்லாமல் போகாதீர்கள். கண்டால் தூரத்திலேயே நிறுத்தித் திரும்புங்கள். ஹோர்ன் அடிப்பது, லைற்றை அடித்து அணைப்பது இரண்டும் அதைச் சீண்டும்.

அறுபதிலும் ஓட வேண்டுமென்றால் வண்டியை விட உங்கள் முதுகைப் பார்க்க வேண்டும். டபுள் ஸ்ரான்ட் போடும்போது கையால் இழுத்துத் தூக்குகிறீர்கள் என்றால் இன்றோடு விடுங்கள். வலது கால் பாதத்தை ஸ்ரான்டின் மிதியில் வைத்து முழு உடல் பாரத்தையும் அதில் இறக்குங்கள், கை வழிகாட்ட மட்டும். 110 கிலோ வண்டி தானாக ஏறும். பின் சொக் இரண்டும் ஒயில் கசிந்து காய்ந்திருந்தால் மாற்றுங்கள், அந்தக் குலுக்கல் நேராக இடுப்பு எலும்புக்குத்தான் போகிறது. தலைக்கவசத்தின் கண்ணாடி கீறல் விழுந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தி வெயிலில் கீறிய கண்ணாடியால் ஒன்றும் தெரியாது என்பதால்தான் ஆட்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓடுகிறார்கள், குளக்கட்டுப் பூச்சி கண்ணில் அடிக்கிறது.

போர் அடிக்கிற நாள் எப்போது என்று புகை சொல்லும். காலையில் ஸ்ராட் எடுத்தவுடன் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், சின்ன வேலை. ஓட ஓட, அக்சிலேற்றர் முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் றிங். 1,000 கிலோமீற்றருக்கு கால் லீற்றருக்கு மேல் ஒயில் குறைந்தால் இனி இழுத்தடிக்க வேண்டாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லுங்கள், போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. 0.25 இல் சரிவருமென்றால் 0.25 தான். “எப்படியும் அடிக்கிறது, 0.50 போடுவம்” என்பவர் உங்கள் நாலு ஆயுளில் ஒன்றை இலவசமாக எறிகிறார். பூட்டும்போது பிஸ்டன் தலையில் ‘ஐஎன்’ என்று பொறித்த பக்கம் காபரேற்றர் பக்கம் வர வேண்டும். அதன் பிறகு முதல் 500 கிலோமீற்றர் 50 இற்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடாமல், பின்னால் ஆள் ஏற்றாமல் ஓடி, ஒயிலை மாற்றுங்கள்.

கடைசியாக, கடதாசி வேலை. பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கும். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா கையெழுத்து வைக்கக்கூடியதாக இருக்கும்போது இது ஒரு நாள் அலைச்சல், பிறகென்றால் வழக்கு மாதிரி இழுபடும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்: ஏ1 வகுப்பு 100 சி.சி. வரைக்கும்தான். ஸ்பிளெண்டருக்கு அது போதும். ஆசைப்பட்டு எப்போதாவது 125 ஒன்றில் ஏறுவதென்றால் ஏ வகுப்பு வேண்டும்.